கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட எந்த இங்க்ஜெட் பிரிண்டர்?

"நிறமே இல்லாத படம்தானே, எந்தப் பிரிண்டரில் போட்டாலும் வந்துவிடும்" என்று நினைத்து வாங்கியவர்கள்தான் பிறகு அதிகம் கேள்வி கேட்கிறார்கள். முகத்தில் லேசான பச்சை, நிழலில் ஊதா, ஜன்னலோரம் வைத்தால் ஒரு சாயல், விளக்கடியில் வேறு சாயல். வண்ணப் படத்தில் இந்தப் பிசகுகள் மற்ற நிறங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். சாம்பலுக்கு ஒளிய இடமே கிடையாது.

கேள்வி பெரும்பாலும் இப்படி வந்து நிற்கும்: இங்க் டேங்க் பிரிண்டர் (மையைப் பாட்டிலிலிருந்து ஊற்றுவது) போதுமா, டை மை (கரைந்த சாயம்) உள்ள போட்டோ பிரிண்டரா, பிக்மென்ட் மை (நுண்துகள்கள்) உள்ளதா, கார்பன் மைக்கென்றே (கரித்துகளால் ஆன கறுப்பு, சாம்பல் மைகள்) ஒரு பிரிண்டரை ஒதுக்குவதா, அல்லது எதையும் வாங்காமல் போட்டோ லேபில் கொடுத்துவிடுவதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தாளில் அச்சிடப் போகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை அச்சிடுவீர்கள் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால், பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி) எண்ணை விட்டுவிடலாம். இன்றைய போட்டோ பிரிண்டர்கள் அந்த விஷயத்தில் குறை வைப்பதில்லை.

## எதை வைத்து அளப்பது

சாம்பல் மைகள். சாதாரண பிரிண்டரில் கறுப்பு ஒன்றுதான் இருக்கும். வெளிர் சாம்பல் வேண்டுமென்றால் அது இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம்; அப்போது வானம், கன்னம் போன்ற இடங்களில் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். அல்லது சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பலை உண்டாக்கலாம். கலவையில் ஒன்று இம்மி கூடினாலும் சாயல் விழும். போதாக்குறைக்கு, நிற மைகளால் செய்த சாம்பல், மேலே விழும் ஒளி மாறினால் தானும் மாறிக் காட்டும். பிரிண்ட் போடுபவர்கள் மெட்டாமெரிசம் என்று அலுத்துக்கொள்வது இதைத்தான். கறுப்போடு ஒன்றிரண்டு சாம்பல் மைகள் தனியாக இருந்தால், படத்தின் பாரத்தை அவையே சுமக்கும். நிற மைகள் டோனை, அதாவது சாம்பலின் சாயலை, கொஞ்சம் வெதுவெதுப்பாகவோ குளிர்ச்சியாகவோ திருப்புவதோடு நின்றுவிடும். 2005இல் எப்சன், ஆர்2400 போன்ற தன் பிரிண்டர்களில் மூன்று அடர்த்தியில் கறுப்பு மைகளைக் கொடுத்தது. அல்ட்ராகுரோம் கே3 என்று பெயர். வீட்டு மேசையில் வைக்கும் பிரிண்டரில் ஒழுங்கான கறுப்பு வெள்ளை எடுக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான்.

கறுப்பின் ஆழம். இதைப் பிரிண்டரும் தாளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நல்ல மேட் (பளபளப்பில்லாத) தாளில் மிக அடர்ந்த கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6 முதல் 1.7 வரை போகும். பரைட்டா (பழைய இருட்டறைத் தாளைப் போன்ற, பேரியப் பூச்சுள்ள தாள்) அல்லது பளபளப்புத் தாளில் 2.3ஐ ஒட்டிப் போகும். இது மடக்கைக் கணக்கு என்பதால் எண்ணில் சிறியதாகத் தெரியும் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிது. 1.6 என்றால் மேலே விழும் ஒளியில் சுமார் 2.5 சதவீதம் திரும்பி வருகிறது, 2.3 என்றால் அரை சதவீதம். ஐந்து மடங்கு! அதனால் மேட் தாள் மட்டம் என்று ஆகிவிடாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டால் இந்த இடைவெளி நிறையவே சுருங்கிவிடும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு மேட் தாளின் மென்மையை விரும்புகிறவர்கள் ஏராளம்.

டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) தனி வழி. எப்சனின் உயர்வகைப் பிரிண்டர்களில் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்டு ஒயிட்' என்று ஒரு முறை இருக்கிறது. கேனனும் தன் ப்ரோ வகைகளில் கறுப்பு வெள்ளைக்குத் தனி முறை தருகிறது. இவை வண்ண புரொஃபைல் (பிரிண்டருக்கும் தாளுக்கும் ஏற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பு) வழியாகச் சுற்றிப் போகாமல் சாம்பல் மைகளையே முன்னிறுத்தும். டோனை இவற்றுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைதான் முக்கியம் என்றால் இந்த வசதி இல்லாத பிரிண்டரை ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ஆயுள். டை மை தாளுக்குள் கரைந்து ஊறும். பிக்மென்ட் மை நுண்துகள்களாகத் தாளின் மேற்பூச்சில் தங்கும். வெளிச்சத்தையும் காற்றையும் தாங்குவதில் பிக்மென்ட் முந்தும். அதிலும் கார்பன் கறுப்பு, இருப்பதிலேயே கெட்டியானது. நிற மைகளில் பொதுவாக மஞ்சள்தான் பலவீனம். ஆக, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் நிற மை எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காகிதத்துக்கும் இதில் பங்கு உண்டு: வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் நாளடைவில் வலுவிழந்து, தாள் மங்கலாக மஞ்சளடிக்கும்.

சும்மா கிடக்கும் நாட்கள். இதைத்தான் வாங்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பின்னால் தனியாக வருகிறேன்.

## சாதாரண நான்கு வண்ணப் பிரிண்டர்

ஆவணங்களுக்கு வைத்திருப்பதில் படமும் போடலாமா என்றால், காண்டாக்ட் ஷீட் (ஒரே தாளில் பல சிறு படங்கள்), படங்களின் வரிசையை முடிவு செய்யப் போடும் சிறு பிரிண்ட் இவற்றுக்குப் போதும். கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தும்படி டிரைவரில் மாற்றினால் சாயல் பிரச்சினை போய்விடும், புள்ளிகள் தெரியும். மணிமணியாக விழுந்த பழைய ஃபிலிம் படத்துக்கு அது அழகாகக்கூட அமையும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

## சாம்பல் மையுள்ள இங்க் டேங்க்

இந்த வகையில் முதலில் ஒரு எச்சரிக்கை. ஆறு மை என்று போட்டிருந்தால் அதில் சாம்பல் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எப்சன் எல்8050, எல்18050 இரண்டிலும் ஆறு மைகள் உண்டு. ஆனால் கூடுதலாக இருப்பவை வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும். தோல் நிறத்துக்கு நல்லவை, கறுப்பு வெள்ளைக்குப் பெரிதாக உதவாதவை. சாம்பல் மை இருப்பது எப்சன் இடி-8550 (சில நாடுகளில் எல்8180), அதன் ஏ4 தம்பி இடி-8500, கேனன் ஜி570, ஜி620 போன்றவற்றில்.

இடி-8550 ஏ3+ (ஏ3ஐவிடச் சற்றுப் பெரியது) அளவு வரை அச்சிடும். உள்ளே மேட் தாளுக்குப் பிக்மென்ட் கறுப்பு ஒன்று, பளபளப்புத் தாளுக்கு டை கறுப்பு ஒன்று, அப்புறம் ஒரு டை சாம்பல், மூன்று நிறங்கள். பளபளப்புத் தாளில் இது தரும் கறுப்பு வெள்ளை, இந்த வகைப் பிரிண்டர் என்று பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே சாம்பல் மை என்பதால் மிக வெளிர்ந்த டோன்களில் நிற மைகள் கலக்கத்தான் செய்யும். எப்சன் உயர்வகைகளில் உள்ள தனிக் கறுப்பு வெள்ளை முறையும் இதில் இல்லை. புரொஃபைல் நன்றாக அமைந்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

இதன் பலம் மை செலவு. பாட்டிலில் ஊற்றும் மைக்கும் கார்ட்ரிட்ஜ் மைக்கும் ஒரு மில்லிலிட்டருக்கான விலையில் பக்கத்தில் வைத்துப் பேச முடியாத வித்தியாசம். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரே படத்தைப் பலமுறை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கை கூசாமல் போட இதைவிடத் தோதான வகை இல்லை. நண்பர்களுக்குக் கொடுக்கவும் ஆல்பத்தில் வைக்கவும் அச்சிடுகிறவர், வண்ணமும் சேர்த்து அச்சிடுகிறவர், வீட்டு வேலைக்கும் அதே பிரிண்டர் வேண்டும் என்கிறவர் இதையே எடுக்கலாம். விற்பனைக்கும் கண்காட்சிக்கும் போடுகிறவருக்கு இது சரிவராது.

## டை மை ப்ரோ பிரிண்டர்

இதற்கு நல்ல உதாரணம் கேனன் ப்ரோ-200. எட்டு மைகளில் கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என மூன்று நிறமற்றவை. அளவு ஏ3+. பளபளப்புத் தாளில் இதன் படங்களுக்குத் தனி வசீகரம் உண்டு. மை தாளுக்குள் ஊறிவிடுவதால் மேற்பரப்பு ஒரே சீராக மின்னும். சாய்த்துப் பார்த்தால் கறுப்பு செம்பு நிறமாக அடிக்கும் பிரான்சிங் தொல்லை அநேகமாக இருக்காது. மை சீக்கிரம் அடைத்துக்கொள்வதும் குறைவு.

ஒரு விஷயம்: டை பிரிண்ட் வெளியே வந்தவுடன் டோனைத் தீர்மானிக்கக் கூடாது. முழுதாகக் காய்ந்து நிலைக்க ஒரு நாள் விடுங்கள். அதற்கு முன்பே திருத்தத் தொடங்கினால் நகரும் இலக்கைத் துரத்துவதாகத்தான் முடியும்.

குறை இரண்டு. காட்டன் மேட் தாளில் கறுப்பு ஆழம் பெறாமல் சோர்ந்து தெரியும். அடுத்தது ஆயுள்: கண்ணாடியில்லாமல் சுவரில் மாட்டினால் ஒளியோடு காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து டை மையைத் தின்னும். ஆல்பத்துக்குள்ளோ கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்தால் கவலை குறைவு. பளபளப்பு அல்லது லஸ்டர் (மிதமான பளபளப்புள்ள) தாள்தான் பிடிக்கும், இடைவெளி விட்டு விட்டுத்தான் அச்சிடுவேன் என்பவருக்கு, பிக்மென்ட் பிரிண்டர்களைவிட இதையே நான் சொல்வேன்.

## பிக்மென்ட் மை: எப்சனா, கேனனா?

காட்டன் தாள், பரைட்டா, கண்காட்சி, விற்பனை என்று பேச்சு வந்தால் இந்த வகைதான். இங்கே இரண்டு அளவுகள். ஏ3+ வரிசையில் எப்சன் பி700, கேனன் ப்ரோ-300. ஏ2 வரிசையில் எப்சன் பி900, கேனன் ப்ரோ-1000 (2024இல் அதற்கு அடுத்ததாக ப்ரோ-1100 வந்தது).

சாம்பல் கணக்கைப் பார்த்தால் பி700, பி900 இரண்டிலும் சாம்பல், வெளிர் சாம்பல் என இரண்டு. ப்ரோ-1000இலும் இரண்டு. ப்ரோ-300இல் ஒன்றே ஒன்று. கறுப்பு வெள்ளைக்கென்றே ஏ3+ பிரிண்டர் தேடுகிறவருக்கு இந்த ஒரு காரணமே என்னைப் பி700 பக்கம் சாய்க்கிறது. ப்ரோ-300 மோசம் என்று சொல்லவில்லை. வண்ணத்தையும் சேர்த்துப் பார்த்தால் போட்டி சமமாகிவிடும்.

பளபளப்புத் தாள் என்று வந்தால் கேனனிடம் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற மை, படத்தின் மேல் பூச்சாகப் படர்ந்து, மை உள்ள இடத்துக்கும் வெறும் வெள்ளைக்கும் இடையிலான பளபளப்பு வேறுபாட்டை மறைக்கிறது. எப்சனின் பி700, பி900இல் அப்படிப்பட்ட மை இல்லை. அடர்ந்த கறுப்பின் மேல் வெளிர் சாம்பலைப் படரவிட்டுக் கறுப்பை ஆழமாக்கும் முறை மட்டும் இவற்றில் உண்டு. பரைட்டா படத்தைக் கண்ணாடியில்லாமல் கையில் கொடுப்பவர் கேனனையும், மேட் காட்டனே கதி என்பவர் எப்சனையும் முதலில் பார்க்கலாம்.

டோன் விஷயத்தில் எப்சனின் கறுப்பு வெள்ளை முறைக்கு நீண்ட அனுபவம் பின்னால் இருக்கிறது. அதோடு, ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் பெரும்பாலும் எப்சன் பிரிண்டர்களுக்கானது. ஒவ்வொரு மையும் எந்த டோனில் எவ்வளவு விழ வேண்டும் என்று கையால் வரைந்து கொடுக்க முடியும். பிளாட்டினம், சயனோடைப் போன்ற பழைய பிரிண்ட் முறைகளுக்கு டிஜிட்டல் நெகட்டிவ் (ஒளிபுகும் தாளில் அச்சிடும் நெகட்டிவ்) எடுக்கிறவர்களும் இதையே நாடுகிறார்கள். அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் எப்சன் என்று இப்போதே முடிவு செய்துவிடலாம்.

ஹெட் (தாளில் மையைத் தெளிக்கும் பகுதி) விஷயத்தில் கேனனுக்கு ஒரு மதிப்பெண். அதன் ஹெட் வெப்பத்தால் மையைத் தெறிக்கவிடும் வகை. தேய்ந்தால் நாமே கழற்றிப் புதிது போடலாம். எப்சனின் பீசோ ஹெட் (மின்னழுத்தத்தால் அசைந்து மையைத் தள்ளும் வகை) நீண்ட நாள் உழைக்கும். ஆனால் போனால் டெக்னீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். அந்தச் செலவில் பிரிண்டரையே மாற்றிவிடலாமா என்ற யோசனை வரும்.

## கார்பன் மைக்கென்று ஒரு பிரிண்டர்

அமெரிக்காவின் வெர்மாண்டில் ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபி இந்த வழியில் மிகவும் பெயர் பெற்றது. எப்சன் பிரிண்டர் ஒன்றில் நிற மைகளையெல்லாம் எடுத்துவிட்டு, கறுப்பிலிருந்து வெளிர் சாம்பல் வரை வெவ்வேறு அடர்த்தியில் கார்பன் மைகளை நிரப்புவார்கள். ஒரு தொகுப்பில் கறுப்பும் சேர்த்து ஏழு அடர்த்திகள்கூட இருக்கும். வெளிர் டோனிலும் புள்ளி தெரியாது. நிழலில் படிப்படியாக இறங்கும் விவரங்களை மற்ற வகைகளால் எட்டிப் பிடிப்பது கடினம். ஆயுளும் அப்படியே.

விலை வேறு உருவத்தில் வரும். அந்தப் பிரிண்டரில் இனி வண்ணம் கிடையாது. மைத்துகள்கள் அடியில் தங்கும், அடிக்கடி குலுக்க வேண்டும். உத்தரவாதத்தில் சிக்கல் வரலாம். புதிய பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜ் சிப் வேற்று மையை ஏற்குமா என்று முன்பே விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும், எந்த டோனில் எவ்வளவு மை என்ற வளைவை அமைத்து அளக்கப் பொறுமை வேண்டும். கறுப்பு வெள்ளையே வாழ்க்கை, வாரத்தில் பல நாள் அச்சிடுவேன், இரண்டாவது பிரிண்டருக்கு இடமிருக்கிறது என்பவருக்கு மட்டும்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | இங்க் டேங்க் (இடி-8550) | டை ப்ரோ (ப்ரோ-200) | பிக்மென்ட் ஏ3+ (பி700, ப்ரோ-300) | பிக்மென்ட் ஏ2 (பி900, ப்ரோ-1000) | கார்பன் மை |
|---|---|---|---|---|---|
| தனிச் சாம்பல் மை | 1 | 2 | பி700: 2, ப்ரோ-300: 1 | 2 | பல |
| காட்டன் மேட் தாள் | சுமார் | பலவீனம் | நன்று | நன்று | மிக நன்று |
| பளபளப்பு, பரைட்டா | நன்று | மிக நன்று | நன்று | நன்று | தொகுப்பைப் பொறுத்தது |
| ஆயுள் | குறைவு | குறைவு | அதிகம் | அதிகம் | மிக அதிகம் |
| சும்மா கிடந்தால் | ஓரளவு தாங்கும் | ஓரளவு தாங்கும் | அடைப்பு அபாயம் | அடைப்பு அபாயம் | அபாயம் மிக அதிகம் |
| மை செலவு | மிகக் குறைவு | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு, உழைப்பு அதிகம் |

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கார்ட்ரிட்ஜ் அளவிலிருந்து தொடங்கலாம். ப்ரோ-300இல் ஒரு கார்ட்ரிட்ஜ் 14.4 மில்லி, பத்தையும் சேர்த்தால் 144. ப்ரோ-1000இல் ஒன்று 80 மில்லி. பன்னிரண்டும் சேர்த்து 960. எப்சனில் பி700க்கு 25, பி900க்கு 50. பிரிண்டர் சின்னதாக ஆக, மில்லிக்கு நீங்கள் கொடுக்கும் விலை பொதுவாக ஏறும். குறைந்த விலைக்கு வாங்கிய ஏ3+ பிரிண்டர், நிறைய அச்சிடுகிறவர் கையில் போனால், பெரிய அண்ணனைவிட அதிகமாகவே விழுங்கும்.

கறுப்பு வெள்ளை மட்டும் போட்டால் நிற மை மிச்சம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். சாம்பல் மைகள் மற்றவற்றைவிட வேகமாகத் தீரும், வெளிர் சாம்பல் அதிலும் முதலில். அதே சமயம் ஹெட் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் எல்லா நிற மைகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஏதாவது ஒன்று காலியானால், அது படத்துக்கே தேவைப்படாத மஞ்சளாக இருந்தாலும், பிரிண்டர் நின்றுவிடும். புதிதாக வாங்கியவுடன் குழாய்களை நிரப்ப முதல் தொகுப்பில் கணிசமான பங்கு போய்விடும் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி.

இப்போது சும்மா கிடக்கும் நாட்கள். பிக்மென்ட் மை வறண்ட காற்றில் நாசில் (மை வெளிவரும் நுண்துளை) வாயிலேயே காய்ந்துவிடும். அடைப்பு எடுக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஹெட் சுத்தம் செய்தால் விரயமாகும் மையை ஒருமுறை கணக்குப் பார்த்தவர் மறக்க மாட்டார். ப்ரோ-1000 போன்றவை நீண்ட இடைவெளிக்குப் பிறகு தாமாகவே சுத்தம் செய்துகொள்ளும். அடைப்பு குறையும், மை கரையும். வாரத்துக்கு ஒரு சிறு படம், எல்லா மையும் இறங்கும்படி, போட்டுவந்தால் இந்தக் கவலை பாதியாகும். அணைக்கும்போது பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்துங்கள். ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் ஸ்விட்சை அணைத்தால், வேலையின் நடுவே நின்றிருந்தால், ஹெட் திறந்தபடியே காயும். மாதத்துக்கு ஒருமுறைதான் அச்சிடுவேன் என்றால் பிக்மென்ட் பிரிண்டர் உங்களுக்கு வேண்டாம். எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேண்டாம்.

கழிவு மைத் தொட்டி, அளந்து பார்க்கும் கருவி, கூடவே மானிட்டர்: இவையும் கணக்கில் வரும். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி, அளவுக்கு மிஞ்சிய பிரகாசத்தில் இருக்கும் திரைதான். அதன் ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இறக்கிவைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிரிண்டரைக் குறை சொல்லலாம்.

## வாங்காமலே இருப்பது

ஆண்டுக்கு ஒரு சில படங்கள், அதுவும் பெரிய அளவில் என்றால் லேப்தான் சரி. ஆனால் "கறுப்பு வெள்ளை பிரிண்ட்" என்று சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்ணத் தாளிலேயே போட்டுக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அதில் லேசான சாயல் வரலாம். பிக்மென்ட் இங்க்ஜெட்டில் போடுவார்கள் என்றால் எந்தத் தாள் என்று கேளுங்கள். டிஜிட்டல் கோப்பை லேசரால் உண்மையான சில்வர் ஜெலட்டின் தாளில் பதித்து, ரசாயனத்தில் கழுவித் தரும் லேப்களும் இருக்கின்றன. அது வேண்டுமென்றால் எந்த இங்க்ஜெட்டும் அதற்கு மாற்றாகாது.

## பழையது வாங்கினால்

பி800, பி600, ஆர்3000, 3880 போன்ற எப்சன்கள் கைமாறிக் கைமாறிக் கிடைக்கின்றன. படத்தின் தரத்தில் இன்றும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் இவற்றில் மேட் கறுப்பும் போட்டோ கறுப்பும் ஒரே வழியைப் பகிர்கின்றன. தாள் வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் மை மாற, கொஞ்சம் விரயமாகும். ஒரே வகைத் தாளில் நிலைத்திருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. இன்று பரைட்டா நாளை காட்டன் என்பவருக்குச் செலவு கூடும். பி700, பி900இலும் கேனன் ப்ரோ-300, ப்ரோ-1000இலும் இரண்டு கறுப்புக்கும் தனித்தனி வழி.

பார்க்கப் போகும்போது நாசில் செக் (துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) ஒன்று போடச் சொல்லுங்கள். கோடுகள் எங்கும் அறுபடக் கூடாது. சுத்தம் செய்துவிட்டு, கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்து, மறுபடி ஒன்று போடச் சொல்லுங்கள். முதலில் சரியாக வந்த கோடு இரண்டாவதில் அறுந்தால் ஹெட்டில் வேலை இருக்கிறது. அடுத்து, கறுப்பிலிருந்து வெள்ளை வரை சீராக மாறும் பட்டை ஒன்றையும் 21 படிகளாகப் பிரித்த பட்டை ஒன்றையும் ஒரே தாளில் அமைத்த கோப்பைக் கொண்டுபோய் அச்சிடுங்கள். புதிய பிரிண்டர் விற்பவரிடமும் இதையே கேட்கலாம். ஜன்னலோரம் ஒருமுறை, எல்இடி விளக்கடியில் ஒருமுறை, சாய்த்துப் பிடித்து ஒருமுறை பாருங்கள். நடுச் சாம்பல் நிறம் மாறினாலோ, கடைசி மூன்று படிகள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டாலோ, தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். அது சரியாக இருந்தும் அப்படியே வந்தால் அந்தப் பிரிண்டரை விட்டுவிடலாம்.